இரண்டாவது பிரதி வாங்குங்கள், உரிமைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு

தருமபுரி புத்தகத் திருவிழாவில் ஒரே நாவல் மூன்று அரங்குகளில் மூன்று அட்டையோடு இருக்கும். கையில் எடுத்ததுமே கூட வந்தவர் கேட்பார்: "ஏங்க, இதுதான் வீட்ல இருக்கே?" இருக்கட்டுமே. அட்டை பிடித்து இன்னொரு பிரதி வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று பார்க்காமல் பில் போடுவதுதான் வீண் செலவு.

முதலில் உரிமைப் பக்கம், அதாவது பதிப்பு, ஆண்டு விவரங்கள் அச்சிட்ட தொடக்கப் பக்கம். பதிப்பு வேறு, அச்சு வேறு. எழுத்து திருத்தி, புதிதாகக் கோத்து வந்தால் பதிப்பு. பழைய பக்கங்களை அப்படியே மறுபடி ஓட்டினால் அச்சு. நம் பதிப்பகங்கள் பலவும் வெறும் மறு அச்சுக்கும் "நான்காம் பதிப்பு" என்று தாராளமாகப் போட்டுவிடுகின்றன. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கிளம்பும்முன் வீட்டுப் பிரதியின் உரிமைப் பக்கத்தையும், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும், உதாரணமாக 147ஆம் பக்கத்தை, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கில் அதே பக்கத்தைப் புரட்டுங்கள். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஒன்றாக இருந்து, பழைய எழுத்துப்பிழையும் அதே இடத்தில் இருந்தால், சட்டை மாற்றிய அதே ஆள்தான் அது. அட்டை அவ்வளவு பிடித்திருந்தால் வாங்குங்கள், "புதிய பதிப்பு" என்று நம்பி வாங்காதீர்கள். பழைய விலைமேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கிடங்கில் கிடந்த சரக்குதான்.

நாட்டுடைமையான நூல்களில் கதை வேறு. யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் 'பொன்னியின் செல்வ'னுக்கு எத்தனை பதிப்பு என்று எண்ணி மாளாது. அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியம் வரைந்த படங்களோடு தொடராக வந்தது. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்களே இல்லை. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாக அடக்க எழுத்தைப் பொடியாக்கியிருப்பார்கள். எனவே இங்கே இரண்டாவது பிரதிக்கு நல்ல காரணம் இருக்கிறது: படம் உள்ள பதிப்பை வைத்துக்கொள்ளவும், மலிவானதைப் பேருந்தில் படிக்கவும். சினிமா ஸ்டில் போட்ட அட்டைக்காக ஐந்து பாகத்தையும் மறுபடி வாங்குவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

கெட்டி அட்டை என்றதும் மயங்காதீர்கள். முதுகின் மேல்முனையைப் பாருங்கள். 16 பக்க ஃபாரங்கள் (ஒரே தாளை மடித்த கொத்துகள்) மடிப்பு மடிப்பாகத் தெரிந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் நூல் தெரிந்தால் தையல் பைண்டிங். முதுகைச் சீவிப் பசை தடவியிருந்தால், மேலே எவ்வளவு கெட்டி அட்டை போட்டாலும் அது பெர்ஃபெக்ட் பைண்டிங்தான். 600 பக்கத்துக்கு மேல் போனால் அந்தப் பசை சில வருடத்தில் இறுகி, விரித்த இடத்தில் முதுகு வெடித்து, தாள் கொத்தாகக் கையோடு வரலாம். தாளையும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) தாளில் பின்பக்க எழுத்து நிழலாடும், 70 என்றால் பரவாயில்லை.

பழைய புத்தகக் கடையில்தான் இந்த ஆசைக்கு உண்மையான தீனி. உரிமைப் பக்கம் கிழிந்திருந்தாலும் காலத்தைப் பிடித்துவிடலாம். விலை ரூபாய், அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது. "ந.பை." (நயா பைசா) என்றிருந்தால் 1957 முதல் 1964க்குள். துதிக்கை வைத்த பழைய னை, லை இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன்னால், அல்லது ஆணைக்குப் பிறகும் பழைய அச்செழுத்தையே வைத்திருந்த அச்சகம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. பின்கோடு இல்லாததை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது, பலர் போடவே மாட்டார்கள். 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகங்களுக்கான சர்வதேச அடையாள எண்) இருக்கும் பிரதியை "எண்பதுகளின் முதல் அச்சு" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அது நடைமுறைக்கு வந்தது 2007இல்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு அடையாளமும் இருக்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். தருமபுரி ஊர் நூலக முத்திரையில் சேலம் மாவட்டம் என்றிருந்தால் அந்தப் பிரதி அறுபதுகளின் நடுவிலோ அதற்கு முன்போ நூலகத்துக்கு வந்திருக்க வேண்டும் (முத்திரைக்கட்டையை மாற்றச் சில காலம் பிடித்திருக்கலாம்). ஆனால் நூலகம் கழித்துக்கட்டியதற்கான முத்திரை இல்லாத பிரதியை வாங்காதீர்கள். எத்தனை அரிய அட்டையாக இருந்தாலும் அது திருப்பித் தராத இரவலாகவே இருக்கலாம்.

ஆங்கிலப் புத்தகம் என்றால் ஓசூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரின் சர்ச் ஸ்ட்ரீட்டும் அவென்யூ ரோடும். உரிமைப் பக்கத்தில் 10 9 8 7 என்று இறங்கும் எண் வரிசையில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று போட்டிருந்தால், அட்டை வெளிநாட்டுப் பிரதியைப் போலவே இருந்தாலும் தாள் பல நேரம் மட்டமாக இருக்கும்.

வாங்கிய பின் விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டாதீர்கள். மேட் லேமினேஷனில் (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் மேலுறையில்) கீறல் விழுந்தால் போகாது. ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, ஒரு மூலையிலிருந்து படுக்கவாட்டில் மெதுவாக இழுக்க வேண்டும். லேமினேஷன் இல்லாத பழைய அட்டை என்றால் ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பழைய கடையிலிருந்து வந்ததை நேராக அலமாரியில் செருகாமல் சில நாள் தனியே வைத்துப் பாருங்கள், இராமபாணப் பூச்சி ஒன்று வந்தாலும் பக்கத்துப் புத்தகங்களின் பசைக்கும் ஆபத்து.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கடையின் பக்கத்தில் இருக்கும் அட்டைப்படமும் வீட்டுக்கு வரும் அட்டையும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. பணம் அனுப்பும்முன் கையிருப்புப் பிரதியின் முன்னட்டை, உரிமைப் பக்கம், முதுகின் மேல்முனை ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப்பில் படமாகக் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறார் என்றால் வேறு கடை பார்க்கலாம்.