தேரையோடு நடந்த கவிஞர்

வேலையை விட்டால்தான் உருப்படியாக எழுத முடியும் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கினின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நேற்று ஒருவர் விடாமல் கேட்டதால் இந்தப் பதிவு.

1943இல் ஆக்ஸ்போர்டில் முதல் வகுப்பில் தேறியவர். கண்பார்வை சரியில்லை என்று ராணுவம் அவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு, 21 வயதில், இங்கிலாந்தின் வெலிங்டன் என்ற சிற்றூரின் பொது நூலகத்தில் சேர்ந்தார். அங்கே கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவதும் நூலகர் பாடுதான். பிறகு லெஸ்டர், பெல்ஃபாஸ்ட். 1955 முதல் ஹல் பல்கலைக்கழக நூலகம். அங்கேயே முப்பது ஆண்டுகள். புதிய நூலகக் கட்டடம் எழுந்ததும் அவர் பொறுப்பில்தான்.

இதற்கிடையே எழுதியது எவ்வளவு? வாழ்நாளில் வந்தவை நான்கு மெல்லிய தொகுப்புகள், இளமையில் இரண்டு நாவல்கள். பகல் முழுக்க அலுவலகம், மாலையில் சமையல், பாத்திரம் கழுவுதல், அதன்பின் எழுத்து. ஒரு கவிதையோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் நிற்போம், மறுநாள் பார்த்துக்கொள்வதே மேல் என்பது அவர் கட்சி. முழுநேரம் கிடைத்தால் காவியம் படைப்பேன் என்பவர்களுக்கு இது கசக்கும். எனக்கும் ஒரு காலத்தில் கசந்தது.

ஆனால் அவர் ஒன்றும் கடமை வீரர் அல்லர். ஐம்பதுகளில் எழுதிய கவிதையொன்றில் வேலையைத் தேரை என்கிறார். நாலு கடனை அடைப்பதற்காக வாரத்தில் ஆறு நாளையும் அதன் நஞ்சுக்குக் கொடுக்க வேண்டுமா என்று பொருமுகிறார். தேரை மோந்த தேங்காய் என்று நாம் சொல்வோமே, வெளியே முழுக்காய், உடைத்தால் வெறும் கூடு. அந்தச் சொலவடை அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

சில ஆண்டுகள் கழித்து அதே தேரையைப் பற்றி இன்னொரு கவிதை. பகல்பொழுதில் பூங்காவில் நடக்கிறார். வேலையில்லாமல் அங்கே திரியும் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. ஐயோ, என் மேசையும் கோப்புகளும் எனக்குப் போதும் என்று திரும்பி ஓடுகிறார். கடைசியில் கிழத் தேரையிடமே கைகொடுக்கச் சொல்கிறார், இடுகாட்டுச் சாலை வரை துணைக்கு. இந்த இரண்டு கவிதைகளையும் ஒரே மூச்சில் படிக்காதவர்கள் வேலையைப் பற்றி என்னிடம் பேச வர வேண்டாம்.

1992இல் அவருடைய கடிதங்கள் அச்சில் வந்தன. அவற்றில் இருந்த இனவெறிப் பேச்சுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. படித்துவிட்டு நெடுநாள் அவர் கவிதைப் பக்கமே போகாமல் இருந்தேன். திரும்பிப் போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னை மடக்க நினைப்பவர்கள் அவருடைய கடைசிப் பத்தாண்டுகளைக் காட்டுவார்கள். சாவைப் பற்றிய அவருடைய விடியற்காலைக் கவிதை வந்தது 1977இல். பிறகு எழுதியவை மிகச் சில. கவிதையை நான் விடவில்லை, அதுதான் என்னை விட்டுப் போய்விட்டது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். 1984இல் அரசவைக் கவிஞர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். மறு ஆண்டு டிசம்பரில், 63 வயதில் இறந்தபோதும் அவர் ஹல் நூலகர்தான். கவிதை போயிருந்தது. தேரை போகவில்லை.