அந்த 4.6 விநாடி எந்த எஞ்சினுடையது?

"1964 போன்டியாக் ஜிடிஓ ஷோரூமிலிருந்து வந்தபடியே 4.6 விநாடியில் 60 மைல் வேகத்தைத் தொட்டது, ஃபெராரி ஜிடிஓவை நேருக்கு நேர் ஓடி வென்றது" என்று எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. இரண்டுமே தவறு.

அந்த எண் கார் அண்ட் டிரைவர் இதழின் 1964 மார்ச் சோதனையில் வந்தது. சோதித்த காரைத் தயார்செய்து கொடுத்தது மிச்சிகனின் ராயல் போன்டியாக் டீலர். பானட்டுக்குள் இருந்தது ஜிடிஓவுக்குரிய 389 கன அங்குல எஞ்சின் இல்லை, பெரிய போன்டியாக்குகளின் 421. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் அப்போது யாருக்கும் தெரியவில்லை. போன்டியாக்கின் விளம்பர வேலையைப் பார்த்த ஜிம் வேங்கர்ஸே பல ஆண்டுகள் கழித்து இதை ஒப்புக்கொண்டார். ஃபெராரி அந்தச் சோதனைக்கு வரவே இல்லை. ஒப்பீடு தாளில் மட்டும்தான் நடந்தது.

ஜிடிஓ எனக்கும் உயிர். நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்ற தாய் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் விதியில் சிக்காமலிருக்க, போன்டியாக்கின் லெமான்ஸ் மாடலுக்கான கூடுதல் தொகுப்பாகவே அதை விற்றார்கள். மூன்று கார்புரேட்டர் வைத்த 389-க்கே 348 குதிரைத்திறன்! அந்தக் காருக்குக் கடன் வாங்கிய எண் எதற்கு?