கேள்வி கேட்பவர்கள் முன்னேற மாட்டார்களாம்

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி மண்டபத்தில் நடந்த 'இலவச' நிதி விழிப்புணர்வுக் கூட்டத்தின் காணொளி எல்லோர் கைப்பேசியிலும் சுற்றுவதால், அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "நீங்கள் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரா?" என்று, அங்கே பேசிய காணொளிப் பிரபலத்திடம் எழுந்து கேட்டவன் நான்தான். செபி என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு. "இப்படிக் கேட்பவர்கள் கடைசி வரை மாதச் சம்பளத்திலேயே கிடப்பார்கள்" என்றார் அவர், மண்டபமே கைதட்டியது. நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் வரவில்லை. செபி இணையதளத்தில் உள்ள பட்டியலிலும் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லித் தருகிறவரே அதை எதில் போட வேண்டும் என்று விற்கவும் செய்தால், அதை நிபுணத்துவம் என்று எப்படி ஏற்பது? தராசும் அவருடையது, சரக்கும் அவருடையது. கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை தருபவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று செபி 2013ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டது. பதிவு பெற்ற தனிநபர் ஆலோசகர் மியூச்சுவல் ஃபண்டு விற்றுக் கமிஷன் பார்க்கவும் முடியாது. நம்மவர் பதிவின் பக்கமே போகாததற்கு வேறு காரணம் இருந்தால் அவரே சொல்லட்டும்.

கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம், பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் கட்டும் ஆப்ஷன் டிரேடிங் வகுப்புக்கு ஆள் பிடிப்பதிலேயே போனது. 2021-22 முதல் 2023-24 வரை பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. திரையில் அத்தனை ஸ்லைடுகளைக் காட்டியவருக்கு அந்த ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை.

காவேரிப்பட்டணத்தில் என் சித்திக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா காய் விற்ற பணத்தை, இவரைப் போன்ற வேறொரு பிரபலத்தின் காணொளிக்குக் கீழே இருந்த இணைப்பின் வழியாக, காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் திட்டத்தில் போட்டார். வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் மாங்கூழ் ஆலை வைக்கும் விலையில் காசு பார்க்கும் குடும்பத்துக்கு வருடா வருடம் பெரிய பிரீமியம் கட்டும் திட்டம் ஒத்துவருமா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த பருவம் விலை விழுந்தது, பிரீமியம் நின்றது. ஐந்து வருடம் முடியாமல் பணம் கைக்கு வராது என்று அதன் பிறகுதான் சித்திக்குத் தெரிந்தது. "அவ்ளோ பேரு பாக்கறாங்க, பொய் சொல்லுவாராப்பா?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அவருடைய ரசிகர்களே, பொறாமை என்கிறீர்கள். இருக்கட்டும். மாதாமாதம் ஃபண்டில் பணம் போடும் எஸ்ஐபி என்ற சொல்லை ஊத்தங்கரை வரைக்கும் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தானே என்கிறீர்கள். அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இடைத்தரகர் கமிஷன் இல்லாத மியூச்சுவல் ஃபண்டு நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கின்றன என்பதை ஏன் கொண்டுவரவில்லை? இலவசமாகத்தானே பேசுகிறார் என்கிறீர்கள். வகுப்புக் கட்டணத்தைக் கட்டியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு அவர் மீதுகூட அவ்வளவு கோபமில்லை. அன்று கைதட்டியவர்களில் என் சொந்தக்காரர்களும், தர்மபுரியிலிருந்து என்னோடு ஒரே வண்டியில் வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பணத்துக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மாதச் சம்பளக்காரன் என்று கேலி பேசிக் கீழே எழுதப்போகும் ரசிகர்கள், எழுதும்போது அவருடைய பதிவு எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.