சின்ன எலி பின்னிரவில் வருவது ஏன்?

பாலைவன எலிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன்; நல்ல கட்டுரை. ஆனால் பெரிய எலி பெரிய விதையையும் சின்ன எலி சின்ன விதையையும் தின்பதால்தான் பாலைவனத்தில் சண்டையின்றி வாழ்கின்றன என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவன மணல்மேடுகளில் ஜெர்பில் எனும் பாலைவன எலியில் இரண்டு இனங்கள் உண்டு. பெரியது சுமார் 40 கிராம், சின்னது 25 கிராம் போல. இரண்டும் தின்பது பெரும்பாலும் ஒரே விதைகளைத்தான். பகல் காற்று மணலைப் புரட்டி, புதைந்த விதைகளை மேலே கொண்டுவரும். பொழுது சாய்ந்ததும் பெரியது இறங்கி, சுலபமாகக் கிடைப்பதை அள்ளிவிடும். மிஞ்சியதைப் பொறுக்கச் சின்னது பிறகு வரும். சிறிய உடம்புக்குச் செலவும் குறைவு. விதை அருகிய மணலைக் கிளறினாலும் அதற்குக் கட்டுப்படியாகும்.

பெர்ட் காட்லர், ஜோயல் பிரவுன் போன்ற ஆய்வாளர்கள் இதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தட்டில் மணலோடு தானியத்தைக் கலந்து வைத்தார்கள். ‘இனி தோண்டிப் பிரயோசனமில்லை’ என்று எலி கிளம்பிய பிறகு, மணலைச் சலித்து மீதித் தானியத்தை எடை போட்டார்கள். நிலா வெளிச்சத்தில், ஆந்தைக்குப் பயந்து, எலிகள் நிறைய மிச்சம் வைத்துவிட்டுப் போயின.

சரி, சின்னது பின்னிரவை விரும்பித் தேர்ந்ததா? இல்லை. பெரியவற்றை அகற்றிய இடங்களில் அது முன்னிரவிலேயே மேய வந்துவிட்டது. கட்டுரையின் ‘விட்டுக்கொடுத்து வாழ்கின்றன’ என்ற வரியை இதனால்தான் மாற்றச் சொல்கிறேன். அடுத்த பகுதியில் ஆந்தைகளையும் சேர்த்து எழுதுங்கள்.