குக்கரில் வெந்தாலும் அது கிறிஸ்துமஸ் கேக்தான்

குக்கரில் செய்தது கேக் இல்லையாம். பழத்தை ஒரு மாதம் ஊறவைக்காதது பிளம் கேக்கே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நம் சபையின் கிறிஸ்துமஸ் விற்பனை மேஜையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரில் தெரியும். மீதிப் பேர் அன்று சாயங்காலமே குரூப்பில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே யார் யார் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள் என்று நானும் பார்த்தேன். அதனால் நடந்ததைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. அந்தத் தங்கச்சி குக்கரில் செய்து கொண்டுவந்த கேக்கை மேஜை நடுவிலிருந்து எடுத்து முறுக்குப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் வைத்தது தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. குறுக்கு வழியில் செய்த கேக்கும் கேக்தான். பண்டிகைக்கென்று செய்தால் அது பண்டிகைக் கேக்தான்.

அவள் நர்ஸ். டிசம்பர் பூராவும் அவளுக்கு நைட் டூட்டி. கைக்குழந்தை வேறு. வாடகை வீடு, ஓவன் கிடையாது. முந்தின நாள் காலையில் டூட்டி முடிந்து வந்தவள் உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாவற்றையும் ஆரஞ்சுச் சாற்றில் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். எழுந்து வந்து பார்த்தால் சாறு முழுவதையும் பழம் குடித்து உப்பியிருக்கிறது. அப்புறம் சர்க்கரையைக் கருக்கியிருக்கிறாள். அதில் மட்டும் அவள் எந்தக் குறுக்கு வழியும் போகவில்லை. கடையில் கிடைக்கும் நிறப்பொடியைக் கலந்திருக்கலாம், கலக்கவில்லை. சர்க்கரை உருகி, சிவந்து, கறுப்புக் காப்பி நிறத்துக்கு வந்து லேசாகப் புகை எழும்பும்போது வெந்நீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் வெறும் இனிப்பு, கொஞ்சம் பிந்தினால் கசப்பு. ஊற்றியவுடன் சீறிக்கொண்டு மேலே தெறிக்கும். அவள் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. விலைச்சீட்டை ஒட்டும்போது பார்த்தேன். ‘அவசரத்துல கிண்டின கேக்’ என்று சொன்னவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

பிறகு குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல், கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, நன்றாகச் சூடேற்றி, உள்ளே ஸ்டாண்டு வைத்து அதன்மேல் கேக் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் ஒரு மணி நேரம். குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டவில்லை. வெந்துவிட்டது. ஒரு கேக் வேகச் சுற்றிலும் காய்ந்த சூடு சீராக இருந்தால் போதும். அந்தச் சூடு ஓவனில் இருந்து வந்ததா, குக்கரில் இருந்து வந்ததா என்பது மாவுக்குத் தெரியாது.

பழத்தை ஊறவைப்பது எதற்கு என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? காய்ந்த பழத்தை அப்படியே மாவில் போட்டால் வேகும்போது அது மாவில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேக் வறண்டு உதிரும். அதைத் தடுக்கப் பழத்துக்கு முன்னாலேயே ஈரம் கொடுத்துவிட வேண்டும். குளிர்ந்த சாற்றில் அதற்கு நாள் பிடிக்கும், சூடான சாற்றில் சீக்கிரம் ஏறிவிடும். ஏமாற்று வேலை எதுவும் இதில் இல்லை. பழத்தைக் கொதிக்கவைத்துச் செய்யும் கேக் மேல்நாட்டு வீடுகளிலும் பழைய வழக்கம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாதம், மூன்று மாதம் என்ற கணக்கெல்லாம் ரம்மோ பிராந்தியோ ஊற்றுகிற வீட்டின் கணக்கு. மதுவில் கிடந்தால் பழம் கெடாது, நாளாக ஆக வாசம் ஏறும். ஆனால் நம் சபையில் எத்தனை வீடுகளில் ரம் பாட்டில் வாசல்படி ஏறும்? திராட்சைச் சாற்றில் போட்ட பழத்தை ஒரு மாதம் வெளியே வைத்துப் பாருங்கள், புளித்துப் பூசணம் பிடித்துவிடும். அப்படியிருக்க, ‘எங்க வீட்டுல ஒரு மாசம் ஊறப்போடுவோம், ஆனா ரம் தொடமாட்டோம்’ என்று அன்று மேஜை பக்கத்தில் நின்று பெருமை பேசியவர்கள் அந்தப் பழத்தை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டைக்காரி ஆகியிருப்பேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். காரணம் இருக்கிறது.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. அம்மா வீட்டிலேயே மாவைக் கலக்குவார். வெண்ணெயையும் சர்க்கரையையும் அகலப் பாத்திரத்தில் போட்டு, ஒரே பக்கமாகக் கையால் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைப்பார். தோள் வலித்தால் அக்கா, அக்காவுக்கு வலித்தால் நான். அப்புறம் அலுமினியத் தட்டில் ஊற்றி, ஈரத்துணியால் மூடி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அவர்கள் ரொட்டி போட்டு முடித்து அடுப்புத் தணியும் நேரத்துக்குத்தான் எங்கள் தட்டுகள் உள்ளே போகும். யார் தட்டு எது என்று தெரிய அம்மா தட்டின் விளிம்பில் நூல் கட்டிவிடுவார். அடுப்பின் உள்பக்கம் அகப்பட்ட தட்டில் ஒரு ஓரம் எப்போதும் கருகித்தான் வரும். முந்திரி வாங்கக் கட்டுப்படியாகாது, பேரீச்சையும் உலர்திராட்சையும்தான். ரம் கிடையாது. பட்டை, கிராம்பு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த திராட்சைச் சாறு. அன்றைக்கு அந்தக் கேக்கும் குறுக்கு வழிதான். காசு இல்லாதவர்களின் குறுக்கு வழி.

24ஆம் தேதி சாயங்காலம் நாங்கள்தான் வீடு வீடாகத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்போம். ஒரு வீட்டில், வசதியானவர்கள், உறவும்கூட, அந்த அத்தை வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு நாள் கழித்து அம்மாவிடமே சொன்னார்: ‘நீ அனுப்புனத பால்காரருக்குக் குடுத்துட்டேன், எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் இறங்காது.’ நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அந்த வீட்டுக்குத் தட்டு போனது. அம்மாவால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்கு அந்த மனசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தபோது நான் பார்த்தது எங்கள் அம்மாவை.

சரி, பாரம்பரியம் என்கிறீர்களே, அதற்கு வருவோம். நம் ஊர்ப் பிளம் கேக்கின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்துத் தலசேரியில் 1880இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கியவர் மாம்பள்ளி பாப்பு. 1883இல் அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து கொடுத்து, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னார். பாப்பு அதை விட்டுவிட்டு, முந்திரிப்பழத்தையும் கதலிப்பழத்தையும் வைத்து உள்ளூரில் செய்த மதுவைச் சேர்த்தார் என்றுதான் அவர் வழிவந்தவர்கள் சொல்லிவருகிறார்கள். பிரவுன் ருசித்துப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜன் செய்யச் சொன்னாராம். ‘பிராந்தி இல்லாததெல்லாம் கேக்கா’ என்று அன்றைக்கு அதை ஓரமாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அலகாபாத் பக்கத்துக் கிறிஸ்துமஸ் கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் நெய், மேல்நாட்டுப் பழங்களோடு பேட்டா என்கிற பூசணிக்காய் மிட்டாய். கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள், அதுவே அந்த ஊரின் பெருமையாகிவிட்டது. நம் டூட்டி ஃப்ரூட்டியே பப்பாளிக்காய்தானே? ஜெர்மனியில் ஸ்டோலன் என்று ஒரு கிறிஸ்துமஸ் ரொட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் வெண்ணெய் கூடாது என்பதால் எண்ணெயில் செய்துகொண்டிருந்தார்கள். 1491இல் போப் எட்டாம் இன்னோசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்துக் கடிதம் அனுப்பினார். ஒரு பலகாரத்துக்காகத் திருச்சபையே தன் விதியைத் தளர்த்தியிருக்கிறது. நாம் ஒரு மேஜை விதியைத் தளர்த்த மாட்டோமா?

இப்போது சிலர் வருவீர்கள். ‘அக்கா, ருசி ஒன்றாகுமா?’ ஆகாது. ரம்மில் மாதக்கணக்கில் ஊறி, செய்த பின்னும் சில வாரம் பொதிந்து வைத்த கேக்கின் ருசி வேறுதான். பழமும் மசாலாவும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, துண்டு போட்டால் உதிராமல் ஈரமாக நிற்கும். நானும் விரும்பித்தான் சாப்பிடுவேன். நேரமும் பொருளும் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யுங்கள், எனக்கும் ஒரு துண்டு கொடுங்கள். அந்தக் கேக்கை நான் எங்கேயும் குறை சொல்லவில்லை. அது உயர்ந்தது என்பதால் இது கேக்கே இல்லை என்றாகிவிடுமா என்பதுதான் என் கேள்வி.

‘அப்படியானால் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

‘இப்படியே விட்டால் பழைய முறையே அழிந்துவிடும்’ என்கிறார்கள். அழிவது யாரால்? வீட்டில் செய்வதையே விட்டுவிட்டவர்களால். அன்று மேஜை நடுவில், தங்கநிற ரிப்பனோடு, பெட்டி பெட்டியாக இருந்தது பேக்கரியில் வாங்கிக் கொடுத்த கேக். அதை எத்தனை நாள் ஊறவைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன் நிறம் கருக்கிய சர்க்கரையா, பொடியா என்று கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கினால் கேள்வி இல்லை. தூக்கத்தை விட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு செய்தவளுக்குத்தான் இவ்வளவு கேள்வியும். ஓவன் இல்லாத பெண்ணுக்கு, ஒரு மாதம் முன்னாலேயே முந்திரியும் செர்ரியும் வாங்கிப் போட முடியாத பெண்ணுக்கு. வீட்டில் செய்யும் வழக்கம் நீடிக்க வேண்டும் என்றால் வேலைக்குப் போகிற பெண்ணால் செய்ய முடிகிற வழி ஒன்று இருந்தாக வேண்டும். அவள் அந்த வழியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். நாம் அவளைக் கும்பலாகச் சேர்ந்து விரட்டியிருக்கிறோம்.

‘நீங்க பெண்கள்தான் பெண்களுக்கு எதிரி’ என்று இதிலும் வந்து எழுதும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் படத்தை எடுத்துக் குரூப்பில் போட்டது ஒரு அண்ணன்தான். பழம் நறுக்கும்போது கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும், அடிக்கடி வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. கிறிஸ்துமஸ் முடிகிற வரைக்கும் கேக், முறுக்கு, அதிரசம், வீடு கழுவுவது, பிள்ளைகள் துணி, விருந்தாளி எல்லாம் ஒரே ஆள் தலையில். நடு இரவு ஆராதனைக்குக் கண் எரிய எரிய வந்து நிற்போம். அதில் ஒரு வேலையை ஒருத்தி எளிதாக்கிக்கொண்டால் அது சோம்பேறித்தனமா? எங்கள் அம்மா ஒரு கிறிஸ்துமஸ் அன்றும் உட்கார்ந்து நிதானமாகக் கேக் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்த பின் தட்டில் ஒட்டிய கருகின ஓரத்தைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வார். இதைப் பாரம்பரியம் என்று என் மகளுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

நேற்று அந்தத் தங்கச்சியிடம் பேசினேன். ‘இனிமே விற்பனைக்கு எதுவும் செய்யல அக்கா, காணிக்கையா பணமாவே குடுத்துடறேன்’ என்றாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பணம் யாரும் கொடுப்பார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் இதை எழுந்து பேசத்தான் போகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது நிச்சயம் இருக்கிறது: முட்டை உண்டா, மது உண்டா, முந்திரி பாதாம் உண்டா, எந்தத் தேதியில் செய்தது. இதை ஒவ்வொரு கேக்கிலும் எழுதி ஒட்டுங்கள், பேக்கரிப் பெட்டியிலும் ஒட்டுங்கள். ஓவனா குக்கரா, எத்தனை நாள் ஊறியது என்பதெல்லாம் செய்தவர் விரும்பினால் சொல்லட்டும். கொண்டுவந்த வரிசையில் மேஜையில் வையுங்கள். குரூப்பில் போட்ட படத்தை எடுத்துவிடுங்கள். அந்தத் தங்கச்சி வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். போனில் இல்லை, நேரில். தனியாகப் போகச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.