மாட்டுல எந்த எடம்னு ஒரு வரி எழுத வலிக்குதா?

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்ல பீஃப் பக்கம் போனாலே பிபி ஏறுது. பவுண்டு இவ்ளோன்னு கொட்டை எழுத்துல போடத் தெரியுதுல்ல, அது எந்த எடத்துக் கறின்னு போட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க? ஊர்ல கறிக்கடை பாய்கிட்ட தொடையில அரை கிலோன்னா தொடையிலதான் வெட்டுவாரு, முடிஞ்சுது கதை.

இங்க நியூயார்க் ஸ்டிரிப்பும் கன்சாஸ் சிட்டி ஸ்டிரிப்பும் ஒரே கறி, முதுகுப் பக்கத்துது. அதையே லண்டன்ல இருக்கிற மச்சான் சர்லாயின்ங்கிறான், இங்க சர்லாயின்னு எழுதினதை எடுத்தா அது அவனூர் ரம்ப்பாம், ஆஸ்திரேலியால இந்த ஸ்டிரிப்புக்கு பேரு போர்ட்டர்ஹவுஸ், ஆனா இங்க போர்ட்டர்ஹவுஸ்னா டி எழுத்து மாதிரி எலும்பு வெச்ச டி-போனோட அண்ணன்! ரெண்டுலயும் எலும்புக்கு ஒரு பக்கம் ஸ்டிரிப், மறுபக்கம் டெண்டர்லாயின்ங்கிற மெத்துக் கறி. அந்த டெண்டர்லாயின் அகலம் 1.25 இன்ச்சாவது இருந்தா போர்ட்டர்ஹவுஸ், அரை இன்ச் இருந்தா போதும் டி-போன். சரி கண்ணால பாத்துக்கலாம்னா கரெக்டா அந்தப் பக்கத்து மேலயே லேபிளை ஒட்டி வெச்சிருக்கான் படுபாவி.

லண்டன் பிராயில்னு ஒன்னு விக்கிறாங்க பாருங்க, அப்படி ஒரு கறியே மாட்டுல கெடையாதுங்க, அது சமைக்கிற முறை. ஒரு கடையில வயித்துப் பக்கத்து ஃபிளாங்க் இருக்கும், இன்னொரு கடையில தொடைப் பக்கத்து டாப் ரவுண்ட் இருக்கும், அவன் இஷ்டம்.

ஆனா எனக்கு வயிறு எரியறது சக் டெண்டர பாத்துதான். டெண்டர்லாயின் மாதிரியே நீட்டமா, நுனி கூம்பி இருக்கும். அசல் டெண்டர்லாயின் முதுகெலும்புக்கு அடியில பெருசா வேலையே இல்லாம கெடக்கிற தசை, அதான் அவ்ளோ மெத்து. இது தோள்பட்டைங்க, மாடு நடந்து நடந்து முறுகிப்போன எடம், ரெண்டு நிமிஷம் தவால பொரட்டி எடுத்தா செருப்புத்தோல்தான், மெதுவா மணிக்கணக்கா வேக வெக்கணும். மாக் டெண்டர், அதாவது போலி டெண்டர்னு இன்னொரு பேரு இருக்கு, அதைப் போட்டாலாவது மனுஷன் உஷாராவான், போட மாட்டாங்களே!

நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ வர்ற ஸ்கர்ட்டும் ஃபிளாங்கும்கூட நார் ஓடுற திசைய பாத்தா தெரியும், ஸ்கர்ட்ல குறுக்கால, ஃபிளாங்க்ல நீளவாக்குல. அதையும் சுருட்டி டிரேல அடைச்சு வெச்சா எங்கிருந்து பாக்கிறது?

இதுல 2013ல இங்க மாட்டுக்கறி, பன்னிக்கறி தொழில் அமைப்புக்காரங்க, ஜனங்க கொழம்புறாங்க, பேரை எளிமையாக்குறோம்னு கெளம்பினாங்க. என்ன பண்ணாங்க தெரியுமா? பன்னி சாப்ஸுக்கு, அதாவது எலும்போட வெட்டின துண்டுகளுக்கு, மாட்டுக்கறி பேரையே எடுத்து ரிப்ஐ சாப், போர்ட்டர்ஹவுஸ் சாப்னு பேர் வெச்சாங்க. நல்லா வருவீங்கடா!