சிக்காகோவின் வட்டங்களும் கொழும்பும்
மாணவர்கள் சேர்ந்து இணையத்தில் எழுதும், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த பாடநூல் அச்சில் ஏற்கெனவே உள்ளதைச் சுருக்கித் தருவதோடு நின்றுவிடும் என்று இங்கே வந்துள்ள கட்டுரை சொல்வதை, நகரப் புவியியலைப் பொறுத்தவரை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தமிழில் படித்த காலத்தில் சமூகவியலாளர் பேர்ஜெஸ் 1925இல் சிக்காகோவை வைத்துச் சொன்ன வட்ட வலய மாதிரியை மனப்பாடம் செய்தோம், நடுவில் வணிகம், அதைச் சுற்றி நலிந்த பகுதி, பிறகு தொழிலாளர் வீடுகள், வெளியே போகப்போக வசதியானவர்கள் என்று. ஆனால் கொழும்பைப் பாருங்கள், மேற்கே கடல், அதனால் வட்டம் பாதியிலேயே அறுந்துவிடுகிறது, பணக்காரர்களின் கறுவாத்தோட்டம் நகரின் வணிக மையமான கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் எவ்வளவு கிட்ட இருக்கிறது! இதையெல்லாம் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த பிள்ளைகள் தெருத்தெருவாக நடந்து, ‘தோட்டங்கள்’ என்று சொல்லும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகள் இருந்த இடத்தில் எழும்பும் தொடர்மாடிகளைக் குறித்து, ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினால் அது எப்படிச் சுருக்கமாகும்? கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர் பிழைகளை யார் திருத்துவது என்று கேட்டிருக்கிறார், நியாயமான கேள்விதான், விரிவுரையாளர் ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் அச்சுப் புத்தகத்தின் பிழை அடுத்த பதிப்பு வரை அப்படியே கிடக்கும், இதில் அன்றைக்கே திருத்தலாம், யார் எதை மாற்றினார்கள் என்பதும் பதிவாகும். உதாரணமாக, 2014இல் வேலை தொடங்கி, 269 ஹெக்டேயர் கடலை நிரப்பி உருவாக்கிய கொழும்புத் துறைமுக நகரம் இருக்கும் இடத்தைப் பழைய வரைபடங்கள் இன்னும் வெறும் கடலாகத்தான் காட்டுகின்றன. அப்புறம் ஒன்று, இப்படி ஒரு நூல் வந்தால் சிங்களத்தோடு தமிழிலும் ஆரம்பத்திலிருந்தே எழுதப்பட வேண்டும், பிறகு மொழிபெயர்க்கலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது.